கொள்ளவும் தள்ளவும்: சுவீடிய மக்களின் அரசுரிமை வரலாறு

ஆண்டுதோறும் திசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் மாலையில் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் நோபெல் பரிசளிப்பு விழா நிகழ்கின்றது. பரிசு பெறும் அறிஞர்கள் அந்நாட்டு அரசரின் கையிலிருந்தே பட்டயமும் பதக்கமும் பெறுகின்றனர். 1930-ஆம் ஆண்டில் நம் சர் சி.வி. இராமன் அவர்களும் ஐந்தாம் குஸ்தாவ் மன்னரிடமே அதனைப் பெற்றார். வகுப்பில் இச்செய்தியை யாம் கூறிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, மக்களாட்சி நடைபெறும் நாடு என்கிறீர்கள், அங்கே அரசர் எதற்கு?" என வினவினார். "அது அவர்கள் மரபு" என்று கூறி அன்று பாடத்தைத் தொடர்ந்துவிட்டோம். அவ்விடை எமக்கே நிறைவு தரவில்லை. மரபு என்றால் எந்த மரபு? அதனைத் தொடங்கியவர் யார்? காத்தவர் யார்? நூலகத்தில் தேடத் தொடங்கியபோது, நாம் பாடநூல்களில் கண்டு பழகிய முடியாட்சிக்கும் சுவீடிய மக்கள் அறிந்த முடியாட்சிக்கும் இடையே நெடுந்தொலைவு இருத்தல் புலப்பட்டது. அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

முடியாட்சி என்றவுடன் தந்தைக்குப் பின் மைந்தன் என்னும் வழிமுறையே நம் நினைவிற்கு வரும். சுவீடிய மக்களின் பழஞ்சட்டமோ, அரசனைக் கொள்ளும் உரிமையும் அவனைத் தள்ளும் உரிமையும் சுவேயர்க்கு உண்டு என்று உரைக்கின்றது. கொள்ளல், தள்ளல் என்னும் இவ்விரு சொற்களையும் கைவிளக்காகக் கொண்டு ஓராயிரம் ஆண்டு வரலாற்றினுள் நுழைவோம்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியராதலின் சொல்லிலிருந்தே தொடங்குதல் எமக்கு எளிது. சுவீடிய மக்கள் தம் நாட்டைச் 'சுவேரியே' என்பர். 'சுவேயரின் அரசு' என்னும் பொருள்பட்ட பழந்தொடரே காலப்போக்கில் மருவி இவ்வாறாயிற்று. எனவே நாட்டின் பெயரிலேயே அரசு அடங்கியுள்ளது. சுவேயர் என்போர் மேலார் ஏரியைச் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்த மக்கள். அவர்க்குத் தெற்கே வாழ்ந்தோர் யோத்தர். இவ்விரு கூட்டத்தாரும் ஓர் அரசனின் கீழ் இணைந்ததே சுவீடன் நாடு.

அரசனைக் குறிக்கும் சொல் 'கொனுங்' என்பது. இது குலம், கிளை என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லின் அடியாகப் பிறந்தது என்பர் மொழிநூலார். நற்குலத்தில் தோன்றியவன் என்பது இதன் முதற்பொருள். ஈண்டு ஒரு முரண் தோன்றுகின்றது. சொல் குலத்தைச் சுட்டுகின்றது. சட்டமோ தேர்வைச் சுட்டுகின்றது. அரசகுலத்தில் பிறத்தலும் வேண்டும், மக்கள் ஏற்றலும் வேண்டும். குருதிக்கும் இசைவிற்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே சுவீடிய அரசுரிமை வரலாறு முழுவதும் எனலாம்.

அயலார் கண்ட சுவேயர்

சுவேயரைப் பற்றிய முதற்குறிப்பு உரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98-இல் எழுதிய நூலில் காணப்படுகின்றது. அவர்கள் ஆட்களாலும் கப்பல்களாலும் வலிமை மிக்கோர் என்றும், ஒருவனே தடையின்றி ஆள்கின்றான் என்றும், படைக்கலங்கள் பூட்டிவைக்கப்பட்டு அடிமை ஒருவனின் காவலில் உள்ளன என்றும் அவர் எழுதுகின்றார். டாசிட்டஸ் அந்நாட்டிற்குச் சென்றவர் அல்லர், கேள்வியுற்றதையே எழுதினார். பின்வந்தோர் சான்றுகள் இதற்கு மாறாக அமைந்துள்ளமையின் இதனைப் பெரிதும் நம்புவதற்கில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவி ஆன்ஸ்கர் மேலார் ஏரித் தீவிலுள்ள பிர்கா என்னும் வணிக நகருக்கு இருமுறை சென்றார். சுமார் 852-இல் இரண்டாம் முறை சென்றபோது, சமயப்பணி ஆற்ற ஒலோப் மன்னரிடம் இசைவு வேண்டினார். மன்னரோ, தாம் மட்டும் முடிவு கூறல் இயலாது, குறிபார்த்தல் வேண்டும், மக்கள் மன்றத்தையும் கேட்டல் வேண்டும் என்றார். பொதுச்செயல் எதுவும் மன்னனின் ஆற்றலைவிட மக்களின் ஒருமித்த விருப்பத்தையே சார்ந்திருப்பது அவர்தம் வழக்கம் என ஆன்ஸ்கரின் வரலாற்றை எழுதிய ரிம்பர்ட் குறிக்கின்றார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துப் பிரேமன் நகரத்து ஆதமும் இதனையே கூறுகின்றார்: சுவேயரின் அரசர் பழங்குலத்தினர், ஆயினும் அவர்தம் வலிமை மக்கள் கருத்தைத் தொங்கி நிற்பது. ஒருவரை ஒருவர் பார்த்தறியாத இருவர் இவ்வாறு ஒத்துரைப்பது நோக்கத்தக்கது.

அரபு நூல்களில் இம்மக்களின் உறவினர் 'ரூஸ்' என்னும் பெயரால் சுட்டப்பெறுகின்றனர். ரூஸ் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு 839-இல் பிராங்கிய நாட்டுப் பேரரசர் அவைக்கு வந்தோர், உசாவியபோது சுவேயர் எனத் தெரியவந்தது. அப்பாசியக் கலீஃபா அல்-முக்ததிர் அவர்களின் தூதுக்குழுவில் 921-இல் பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு ஃபத்லான், மறு ஆண்டு வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் வணிகரை நேரிற் கண்டு எழுதிய குறிப்புகள் இன்றளவும் வரலாற்றார்க்குப் பெருஞ்செல்வம். ரூஸ் மன்னனைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். அம்மன்னனைச் சூழ்ந்து 400 வீரர் இருப்பர்; அவன் பெரிய இருக்கையை விட்டு நிலத்தில் காலூன்றுவதில்லை; படை நடத்துவதும் பகைவரை எதிர்ப்பதும் அவனுடைய துணைவன் செய்யும் பணிகள். இது ரூஸ் மக்கள் கிழக்கே சென்று கற்ற முறையாகவும் இருக்கலாம். எனினும் அமர்ந்திருப்பவன் ஒருவன், ஆள்பவன் வேறொருவன் என்னும் இக்காட்சியை நினைவிற் கொள்க; கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் வரும்.

அக்கால வணிகத்தின் அளவைக் காட்ட ஒரு சான்று போதும். 1999-இல் கோத்லாந்துத் தீவின் உழவர் நிலம் ஒன்றில் கிடைத்த வெள்ளிப் புதையலில் 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. அவற்றுள் மிகப்பெரும்பாலன இசுலாமிய நாடுகளில் அடிக்கப்பெற்ற திர்ஹம்களே. சுவீடன் தனக்கென நாணயம் அடித்ததோ கி.பி. 1000-ஐ ஒட்டி, ஒலோப் ஷோத்கொனுங் மன்னர் காலத்தில், சிக்தூனா நகரில்தான். சுவேயர், யோத்தர் இருவர்க்கும் அரசராக இருந்தார் என்று உறுதியாக அறியப்படும் முதல்வரும் இவரே.

பஞ்சமும் பலியும்

ஐசுலாந்துப் புலவர் சுனோரி ஸ்டுர்லுசன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுத்த அரசர் கதைகளில் தோமால்தே என்னும் பழைய உப்சாலா மன்னனின் கதை வருகின்றது. அவன் காலத்தில் விளைச்சல் பொய்த்தது. முதலாண்டில் மக்கள் எருதுகளைப் பலியிட்டனர், பயனில்லை. இரண்டாமாண்டில் மனிதரைப் பலியிட்டனர், அப்போதும் பயனில்லை. மூன்றாமாண்டில், பஞ்சத்திற்குக் காரணம் மன்னனே எனத் தெளிந்து மன்னனையே பலியிட்டனர். இது வரலாறன்று, கதையே. ஆயினும் கதையும் ஒரு சான்று. நாட்டின் நலத்திற்கு மன்னன் பொறுப்பாளி, பொறுப்பில் தவறினால் அவனுக்கும் விலக்கில்லை என்னும் எண்ணம் அம்மக்களின் உள்ளத்தில் வேரூன்றியிருந்தமையை இக்கதை காட்டுகின்றது.

அதே சுனோரி மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்கின்றார். 1018-ஐ ஒட்டி உப்சாலாவில் கூடிய மன்றத்தில், நார்வே மன்னரோடு போரை நிறுத்தவேண்டும் என மக்கள் விரும்பினர். ஒலோப் மன்னர் இசையவில்லை. அப்போது தோர்க்னி என்னும் முதியவர் எழுந்தார். அவர் சட்டமுரைப்போர், அதாவது எழுத்தில் இல்லாச் சட்டத்தை மனத்திற் கொண்டு மன்றத்தில் ஓதுபவர். அவர் எழுந்தபோது அமர்ந்திருந்த உழவர் அனைவரும் உடன் எழுந்தனர். எங்கள் சொல்லைக் கேளாவிடில் உன்னைக் கொல்வோம், எம் முன்னோர் செருக்குற்ற ஐந்து மன்னரைக் கிணற்றில் தள்ளினர் என்று அவர் மன்னரின் முகத்திற்கு நேரே கூறினார். மன்னர் பணிந்தார். இவ்வுரை இவ்வாறே நிகழ்ந்தது என்று இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை; சுனோரி எழுதியது இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர். ஆனால் சுவீடிய உழவர் பிற்காலத்தில் தம் உரிமைக்காக வாதிட்டபோதெல்லாம் தோர்க்னியின் பெயர் அவர்க்குக் கைகொடுத்தது. மெய்யாக நிகழ்ந்த பல நிகழ்ச்சிகள் செய்யாத வேலையை நிகழாத ஒன்று செய்துவிடுவதுண்டு.

மோராக் கல்லும் எரிக் உலாவும்

கதைகளை விடுத்துச் சட்டத்திற்கு வருவோம். சுவீடிய மொழியில் எழுதப்பெற்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பெற்ற மேற்கு யோத்தர் நாட்டுச் சட்டம். கொள்ளவும் தள்ளவும் உரிமை கூறும் சட்டம் இதுவே. இதனை எழுதியோர் யோத்தர். உரிமை கூறப்படுவதோ சுவேயர்க்கு. ஆயின் யோத்தர்க்கு என்ன உரிமை? அதற்கும் சட்டம் விடை வைத்துள்ளது. சுவேயர் கொண்ட மன்னன் எம் நாட்டிற்குள் வருவதாயின், பிணையாட்களைப் பெற்றுக்கொண்டு எம் காவலில் வரவேண்டும்; எம் சட்டத்தைக் காப்பதாக ஆணையிட வேண்டும்; அதன் பின்னரே அவன் எமக்கு அரசன்.

தேர்வு நிகழ்ந்த இடம் உப்சாலாவிற்குத் தென்கிழக்கே மோரா என்னும் புல்வெளி. ஆங்கிருந்த கல்லின் அருகே சுவேயர் கூடி மன்னனைத் தெரிந்தனர். (பனிச்சறுக்குப் போட்டியால் புகழ்பெற்ற தாலர்னா மாநிலத்து மோரா வேறு, இம்மோரா வேறு.) 1296-இல் உறுதி செய்யப்பெற்ற உப்லாந்துச் சட்டத்தின்படி உப்லாந்துச் சட்டமுரைப்போர் முதலில் அவனை அரசனெனத் தீர்ப்பளிப்பார்; பின்னர் பிற நாட்டுச் சட்டமுரைப்போர் ஒவ்வொருவராகத் தீர்ப்பளிப்பர். தீர்ப்பு என்னும் சொல் கருதத்தக்கது. அவர்கள் மன்னனை வாழ்த்தவில்லை. மன்னனா அல்லனா என்று தீர்ப்புக் கூறினர்.

தேர்வு முடிந்ததும் புதிய மன்னன் குதிரையேறி நாட்டைச் சுற்றிவருதல் வேண்டும். கதிரவன் செல்லும் திசையிலேயே, சேடர்மான்லாந்து, கிழக்கு யோத்தர் நாடு, சுமோலாந்து, மேற்கு யோத்தர் நாடு, நேர்க்கே, வெஸ்ட்மான்லாந்து எனச் சுற்றி மீண்டும் உப்லாந்தை அடைவான். ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் அந்நாட்டார் எதிர்கொண்டு, தம் மன்றத்தில் அவனது ஆணையைக் கேட்டு, ஏற்றுக்கொண்டு, அடுத்த எல்லை வரை காவலோடு கொண்டுசெல்வர். 'எரிக்ஸ்காத்தா' எனப்பெறும் இதனை 'எரிக் உலா' எனத் தமிழில் வழங்கலாம். நம் உலா இலக்கியங்களில் மன்னன் வருவது கண்டோர் காதலுற. இவ்வுலாவிலோ மன்னன் வருவது கண்டோர் தீர்ப்பிட.

இது வெறுஞ்சடங்கன்று என்பதற்கு இரத்தச் சான்று உண்டு. சுமார் 1130-இல் ராங்வால்ட் என்னும் மன்னன் பிணையாட்களைப் பெறாமலே மேற்கு யோத்தர் நாட்டிற்குள் குதிரையைச் செலுத்தினான். அது தம் நாட்டாரை இழிவுபடுத்திய செயல் எனக் கருதிய அந்நாட்டார் கார்லபி என்னும் ஊரில் அவனைக் கொன்றனர். மேற்கு யோத்தர் சட்டத்தோடு சேர்த்து எழுதப்பெற்ற மன்னர் வரிசை இதனைக் குறிப்பிடுகின்றது.

மூன்று வயது மன்னர்

1317-ஆம் ஆண்டின் இறுதியில் பிர்யெர் மன்னர் தம் உடன்பிறந்தார் இருவரை விருந்துக்கு அழைத்துச் சிறையிட்டார். அவர்கள் அங்கேயே மாண்டனர். பட்டினியால் மாண்டனர் என்பர். நாடு கொதித்தெழுந்தது, பிர்யெர் டென்மார்க்கிற்கு ஓடினார். 1319 சூலை 8-ஆம் நாள் மோராவில், இறந்த உடன்பிறந்தாருள் ஒருவரின் மைந்தராகிய மூன்று வயதுக் குழந்தை மாக்னுஸ் எரிக்சன் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் அதே குழந்தைக்கு நார்வே நாட்டின் அரசுரிமையும் தாய்வழிப் பாட்டனாரிடமிருந்து வந்தது. நார்வேயில் பிறப்பால் அரசர்; சுவீடனில் தேர்வால் அரசர்! தேர்ந்தெடுத்தோர் குழந்தையின் பெயரால் ஓர் உரிமை ஆவணமும் பெற்றனர்: இசைவின்றிப் புதுவரி இல்லை.

அக்குழந்தை வளர்ந்து சட்டம் தந்த மன்னர் ஆயினார். சுமார் 1350-இல் தொகுக்கப்பெற்ற அவர்தம் நாட்டுச் சட்டம், சுவீடனின் அரசு தேர்வால் வருவதேயன்றி வழிவழி வருவதன்று எனத் தெளிவாக வகுத்தது. இயலுமாயின் அரசமைந்தருள் ஒருவரைத் தெரிக என்றும் சேர்த்துக்கொண்டது. குருதியும் இசைவும் இங்கே ஒரே வாக்கியத்தில் அமர்ந்துள்ளன. அச்சட்டம் தந்தவரையே 1364-இல் பெருமக்கள் தள்ளிவிட்டு ஜெர்மானியராகிய மெக்லன்பர்க் ஆல்பிரக்டைக் கொண்டனர். 1389-இல் அவரையும் தள்ளி, டென்மார்க்-நார்வே அரசியார் மார்கரெத்தாவைக் கொண்டனர். 1397-இல் கால்மர் நகரில் மூன்று நாடுகளும் ஒரே முடியின் கீழ் இணைந்தன. அடுத்த நூற்றாண்டில் கார்ல் கனூட்சன் என்பார் மும்முறை அரசராகி இருமுறை தள்ளப்பட்டார். கொள்ளலும் தள்ளலும் மக்கள் கையிலிருந்து பெருங்குடியினர் கைக்கு மாறி, சூதாட்டம் போல் ஆயிற்று என்பதையும் மறைத்தற்கில்லை.

கொண்டவரே பூட்டிய கதவு

1520 நவம்பரில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறித்தியான் ஸ்டாக்ஹோமில் முடிசூடிய விழாவின் முடிவில், மன்னிப்பு அளித்திருந்தும், எண்பதுக்கும் மேற்பட்டோரைத் தலைவெட்டிக் கொன்றார். கொல்லப்பட்டோருள் ஒருவரின் மைந்தரே குஸ்தாவ் வாசா. அவர் தாலர்னா மாநிலத்து உழவரைத் திரட்டிப் போரிட்டு, 1523 சூன் 6-ஆம் நாள் ஸ்ட்ரெங்னெஸ் நகரில் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உழவரின் தோளேறி வந்த இவரே, உழவரின் கிளர்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடக்கினார். 1544-இல் வெஸ்டரோஸ் நகரில் கூடிய மன்றத்தைக் கொண்டே, இனி அரசு தம் மைந்தர் வழியிலேயே செல்லும் என உறுதி பெற்றார். தேர்தலால் உள்ளே நுழைந்தவர் தமக்குப்பின் தேர்தலின் கதவைப் பூட்டினார். உலக வரலாற்றில் இது புதிதன்று என்றாலும், அப்பூட்டைப் போடவும் மக்கள் மன்றத்தின் இசைவே அவர்க்கு வேண்டியிருந்தது என்பதைக் கருதுக. அவ்விசைவு பின்னாளில் திறவுகோலாயிற்று.

புதிய குடும்பம் பழமையைத் தேடும். உரோமில் அகதியாக வாழ்ந்த உப்சாலாப் பேராயர் யோகன்னஸ் மாக்னுஸ் எழுதி, 1554-இல் வெளிவந்த அரசர் வரலாறு, நூஹ் நபியின் வழித்தோன்றலாகச் சொல்லப்படும் மாகோகு தொடங்கி இடைவெளியின்றி மன்னர்களை அடுக்கியது. அவருள் பலர் கற்பனையில் பிறந்தவர். குஸ்தாவின் மூத்த மைந்தர் அந்நூற்கணக்கைக் கொண்டு தம்மைப் பதினான்காம் எரிக் என அழைத்துக்கொண்டார். இளைய மைந்தர் ஒன்பதாம் கார்ல் ஆனார். கார்ல் என்னும் பெயருடைய முதல் ஆறு மன்னர் எக்காலத்தும் வாழ்ந்ததில்லை. இன்றைய மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ் எனப்படுகின்றார். உண்மையில் அவர் பத்தாவது கார்ல். எண்ணை எவரும் திருத்தவில்லை.

வழிவழி அரசு வந்த பின்னும் தள்ளும் பழக்கம் ஓயவில்லை. எரிக்கை 1568-இல் உடன்பிறந்தாரே பிடித்துச் சிறையிட்டனர். மறு ஆண்டு மன்றம் அவரைத் தள்ளியது. 1577-இல் சிறையில் இறந்த அவரின் எலும்புகளை 1958-இல் ஆய்ந்தபோது ஆர்சனிக் நஞ்சு காணப்பட்டது. போலந்து அரசராகவும் விளங்கிய சிகிஸ்முந்து 1599-இல் தள்ளப்பட்டார். குஸ்தாவ் அடோல்ப் 1632-இல் லூட்சென் போர்க்களத்தில் மாண்டபோது, அவர் மகள் கிறிஸ்டினாவுக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை. மன்றத்தில் உழவர் பேராளர் ஒருவர் குழந்தையைக் காட்டுமாறு கேட்டு, முகத்தை உற்றுநோக்கி, தந்தையின் மூக்கும் கண்ணும் நெற்றியும் இருக்கக் கண்டபின்னரே ஏற்றதாக ஒரு செய்தி வழங்குகின்றது. அதே கிறிஸ்டினா 1654 சூன் 6-ஆம் நாள் உப்சாலாக் கோட்டையில் தாமே அரசைத் துறந்தார். முடியை எடுக்கவேண்டிய பெருமகன் கைநீட்ட மறுத்து நின்றமையால் அரசியார் தம் கையாலேயே அதனைக் கழற்றினார் என்பர். அரசியைத் தள்ளியவர் அரசியே!

எல்லையற்ற அரசும் பெந்தர் நகரும்

பதினோராம் கார்ல் பெருங்குடியினரின் நிலங்களை மீட்டு அரசுடைமையாக்கினார். அவர்களால் நசுக்கப்பட்ட உழவர் மன்னரின் பக்கம் நின்றனர். 1693-இல் மன்றமே, மன்னர் தம் செயலுக்கு இவ்வுலகில் எவர்க்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவரல்லர் என எழுதிக்கொடுத்தது. தள்ளும் உரிமையை மக்கள் தாமே கையெழுத்திட்டுக் கைவிட்டனர். அவர் மைந்தர் பன்னிரண்டாம் கார்ல் 1697-இல் முடிசூட்டு விழாவிற்கு முடியைத் தாமே தலையில் வைத்துக்கொண்டு குதிரையேறி வந்தார். மக்களுக்கு ஆணையேதும் அளிக்கவில்லை. மோராவில் ஆணையிட்டு நின்ற மன்னரின் வழியில் வந்தவர் இவர்!

1709-இல் பொல்தாவாவில் இரசியரிடம் தோற்ற கார்ல், உதுமானியப் பேரரசின் பெந்தர் நகரில் அடைக்கலம் புகுந்தார். சுல்தான் மூன்றாம் அகமது விருந்தோம்பினார். விருந்து நாட்கணக்கில் முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அரசுப் பொருட்பட்டியலில் நிலையாக இடம்பெற்ற தட்டுமுட்டுப் பொருளைக் குறிக்கும் 'தெமிர்பாசு' என்னும் சொல்லைத் துருக்கியர் அவர்க்குப் பட்டப்பெயராக வைத்தனர். இறுதியில் 1713 பிப்ரவரியில், புறப்பட மறுத்த மன்னரைப் படைகொண்டு பிடிக்கவேண்டியதாயிற்று. அம்மோதலைச் சுவீடியர் 'கலபலிக்' என்பர். அரபு மூலத்திலிருந்து துருக்கி வழியே சென்ற இச்சொல், கூச்சல் குழப்பம் என்னும் பொருளில் சுவீடிய மொழியில் இன்றும் வழங்குகின்றது. ஒரு மன்னரின் பிடிவாதம் ஒரு மொழிக்குச் சொல் ஈந்தது. நாட்டிற்கு அவர் விட்டுச்சென்றதோ வறுமையும் இழப்பும். 1718-இல் நார்வேயின் கோட்டை ஒன்றின் முன் குண்டு பாய்ந்து இறந்தார். அவர்க்கு மக்கள் இல்லை.

பெயர் முத்திரை

அரியணைக்கு வந்த தங்கை உல்ரிகா எலியோனோராவிடம் மன்றம் ஒரே விலை கேட்டது: எல்லையற்ற அதிகாரத்தைத் துறத்தல். அவர் துறந்தார்; 1719-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொள்ளல் மீண்டும் வந்தது. மறு ஆண்டே அரசைக் கணவர் பிரெடரிக்கிற்கு ஈந்தார். இவ்வரசியாரின் பெயருக்கு நம் சோழமண்டலக் கரையோடு தொடர்புண்டு. சுவீடியக் கிழக்கிந்தியக் குழுமத்தின் 'அரசி உல்ரிகா எலியோனோரா' என்னும் கப்பலே 1733-இல் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. அங்கே சுவீடியர் அமைத்த பண்டகசாலையைச் சில வாரங்களிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடித் தாக்கிக் கைப்பற்றினர். நம் கரையில் சுவீடியர் கால்வைத்த கதை அதனோடு ஓய்ந்தது.

1719 முதல் 1772 வரையிலான காலத்தை அந்நாட்டார் 'உரிமைக் காலம்' என்பர். பெருமக்கள், சமயகுருமார், நகரத்தார், உழவர் என்னும் நான்கு அவைகளைக் கொண்ட மன்றமே ஆண்டது. உழவர்க்கெனத் தனி அவை இருந்தது அக்கால ஐரோப்பாவில் அரிதினும் அரிது. அமைச்சரவையில் மன்னர்க்கு இரண்டு வாக்கு. பெரும்பான்மைக்கு அவர் பணிய வேண்டும். மன்னர் ஒப்பமிட மறுத்தால்? அதற்கும் 1756-இல் வழி கண்டனர். மன்னரின் கையெழுத்தைச் செதுக்கிய பெயர்முத்திரை ஒன்றைச் செய்து, அவர் மறுக்கும்போது அமைச்சரவையே அதனைக் குத்திக்கொள்ளலாம் என்றனர். மன்னரின்றியே மன்னரின் கையெழுத்து! 1768 திசம்பரில் அடோல்ப் பிரெடரிக் மன்னர், மன்றத்தைக் கூட்டும்வரை தாம் மன்னரல்லர் எனக் கூறி ஒதுங்கினார். அரசு அலுவலர் வெறும் முத்திரைக்குப் பணிய மறுத்தனர். ஒரு வாரத்திற்குள் அமைச்சரவை இறங்கிவந்தது. மன்னரை வெறும் முத்திரையாக்க முயன்ற நாடு, முத்திரை மட்டும் போதாது என அன்று கண்டது.

இக்காலத்தின் நன்கொடை 1766-ஆம் ஆண்டின் அச்சுரிமைச் சட்டம். உலகில் இத்தகைய சட்டங்களுள் முதலாவது. இழுக்கையும் சொல்லவேண்டும்: தொப்பியர், குல்லாயர் என்னும் இரு கட்சியாரும் பிரான்சிடமும் இரசியாவிடமும் வெளிப்படையாகவே கையூட்டுப் பெற்றனர். மக்கள் சலித்திருந்த வேளையில் 1772-இல் மூன்றாம் குஸ்தாவ் படையைக் கொண்டு அதிகாரத்தைப் பறித்தபோது எதிர்க்க எவரும் எழவில்லை. 1792-இல் முகமூடி விருந்தில் பெருமகன் ஒருவனால் சுடப்பட்டு இரண்டு வாரங்களில் அவர் மாண்டார். அவர் மைந்தர் நான்காம் குஸ்தாவ் அடோல்ப், பின்லாந்து இரசியர் கைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 1809 மார்ச்சு 13-இல் தம் அரண்மனையிலேயே படைத்தலைவரால் பிடிக்கப்பட்டார். மன்றம் அவரையும் அவர் வழித்தோன்றலையும் தள்ளியது. அதே ஆண்டு சூன் 6-இல் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றிய பின்னரே அவருடைய சிற்றப்பாவை அரசராகக் கொண்டது. சட்டம் முன், மன்னர் பின்.

புதிய மன்னர் முதியவர், வாரிசில்லை. முதலில் தெரிந்தெடுத்த இளவரசர் 1810-இல் திடீரென இறந்தார். அவ்வேளையில் மேர்னர் என்னும் இளம்படையலுவலர் எவருடைய ஆணையுமின்றிப் பாரிசில் நெப்போலியனின் தளபதி பெர்னதோத்தைக் கண்டு, எம் நாட்டு இளவரசராக வருகின்றீர்களா எனக் கேட்டார்! பெர்னதோத் அரசகுலத்தவர் அல்லர். தென்பிரான்சில் ஒரு சட்டத்தொழிலரின் மைந்தர். சுவீடிய மொழி அறியார். எனினும் 1810 ஆகஸ்டு 21-இல் ஓரெப்ரோ நகரில் கூடிய மன்றம் அவரைத் தெரிந்தது. 'கொனுங்' என்னும் சொல்லின் வேரிலிருந்த குலம் அன்று கழன்று விழுந்தது. இசைவு மட்டும் நின்றது. இன்று ஆள்வோர் அவர் வழியினரே.

முடியற்ற மன்னர்

பிந்தைய மாற்றங்கள் இரத்தமின்றி நிகழ்ந்தமையின் விரைந்து கூறலாம். 1866-இல் நான்கு அவைகள் போய் இரண்டாயின. 1873-இல் முடிசூடிய இரண்டாம் ஆஸ்கரே முடிசூடிய இறுதி மன்னர். அவர்க்குப்பின் 1907-இல் வந்த ஐந்தாம் குஸ்தாவ் முடிசூட்டு விழாவைத் தவிர்த்தார். ஆயினும் 1914 பிப்ரவரியில், தலைநகரில் திரண்ட உழவர் பேரணியின்முன், அமைச்சரவையின் கொள்கைக்கு மாறாக அவர் உரையாற்றியதால் அமைச்சரவை பதவி விலகியது. மன்றத்தின் பெரும்பான்மையே ஆட்சியமைக்கும் என்பது 1917-இல்தான் நிலைபெற்றது.

மாணவர் கேட்ட வினாவிற்கு இப்போது வருகின்றோம். அரசை அறவே ஒழித்துக் குடியரசாக்குவது ஆளுங்கட்சியான சமூக மக்களாட்சிக் கட்சியின் கொள்கையாகவே இருந்தது. 1971-இல் தூரெகோவ் என்னும் கடற்கரை ஊரில் கட்சிகள் கூடி ஓர் இணக்கம் கண்டன: மன்னர் இருக்கட்டும், அதிகாரம் ஏதும் வேண்டா. 1975 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின்படி ஆட்சியதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே தோன்றுகின்றது. தலைமையமைச்சரை முன்மொழிபவர் அவைத்தலைவர், மன்னர் அல்லர். சட்டங்களில் மன்னர் ஒப்பமிடுவதும் இல்லை. இப்னு ஃபத்லான் கண்ட காட்சி திரும்பியது; ஒருவர் அமர்ந்திருக்க, ஆள்பவர் வேறு. ஆகவே அம்மன்னர் ஆள்வதற்காக இருப்பவர் அல்லர். மக்கள் தள்ளாமல் வைத்திருப்பதால் இருப்பவர். 1973-இல் அரியணையேறிய பதினாறாம் கார்ல் குஸ்தாவ் அவர்களின் முடி அன்று அரியணையருகே மெத்தைமேல் இருந்தது, தலைமேல் அன்று.

தள்ளும் உரிமை கடைசியாகச் செயற்பட்டது ஒரு கைக்குழந்தையின்மீது. 1979 மே மாதம் மன்னர்க்கு ஆண்மகவு பிறந்தது. அன்றிருந்த சட்டப்படி அக்குழந்தையே பட்டத்து இளவரசர். ஆண் பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே அரசுரிமை என்னும் சட்டம் 1980 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தபோது, ஏழுமாதக் குழந்தையிடமிருந்து பட்டம் நீங்கி, 1977-இல் பிறந்த தமக்கை விக்டோரியாவிடம் சென்றது. சட்டம் பிறந்துவிட்ட குழந்தையையும் பின்சென்று பற்றியது மன்னர்க்கு வருத்தம். 2023-இல் வெளிவந்த தொலைக்காட்சி ஆவணப்படத்திலும் அவ்வருத்தத்தை அவர் வெளியிட்டார். பின்னர், மகள் தமக்குப்பின் வருவதில் பெருமையே என விளக்கினார். 1756-இல் மன்னர் மறுத்தால் குத்துவதற்கு ஒரு பெயர்முத்திரையேனும் வேண்டியிருந்தது. 1980-இல் அதுவும் வேண்டியிருக்கவில்லை.